ஆசிய சோஷலிஸ்ட் மகாநாடு: ஒரு மதிப்பீடு

தோற்றுப்போன முயற்சிகளை வரலாறு விரைவில் மறந்துவிடுகிறது. முற்போக்காளர் அவற்றை மறத்தல் ஆகாது. 1953 சனவரியில், அன்று பர்மாவின் தலைநகராயிருந்த ரங்கூனில் கூடிய ஆசிய சோஷலிஸ்ட் மகாநாடு அத்தகையதொரு முயற்சி. பாண்டுங் மகாநாட்டுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே ஆசியாவின் சமூக சனநாயகக் கட்சிகள் அங்கு ஒன்றுகூடின. பர்மிய சோஷலிஸ்டுகள், இந்தியாவின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியினர், சுத்தான் ஷாரிரின் இந்தோனேசியக் கட்சியினர், இடது வலதெனப் பிளவுண்டிருந்த யப்பானியர், இஸ்ரேலின் மாப்பாய் கட்சியினர் ஆகியோர் வந்திருந்தனர். பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் அட்லியும் சோஷலிஸ்ட் அகிலத்தின் சார்பில் வந்திருந்தார்.

எனினும் மகாநாடு அகிலத்தோடு ஒன்றாகிவிட இசையவில்லை, தனித்தே நின்றது. அம்முடிவு சரியானதே என்பது நமது கருத்து. 1947இல் இந்தோனேசியக் குடியரசின்மீது ஒல்லாந்தப் படை பாய்ந்தபோது ஒல்லாந்தத் தொழிற் கட்சி அரசாங்கத்தில் அமர்ந்திருந்தது. வியட்நாம் போரில் பிரெஞ்சு சோஷலிஸ்டுகளின் கையும் கறைபட்டிருந்தது. உள்நாட்டில் தொழிலாளியின் தோழனாகவும் கடல்கடந்த நாட்டில் ஆண்டானாகவும் வாழும் சோஷலிஸத்தை ஆசியா எங்ஙனம் தலைமேற் கொள்ளும்?

ஆயினும் அயலார் குற்றத்தைக் கண்ட கண்கள் சொந்த வீட்டையும் காணவேண்டும். இரண்டாம் மகாநாடு 1956 நவம்பரில் பம்பாயில் கூடியது. அதற்குச் சில நாட்களுக்கு முன், ஒக்டோபர் 29ஆந் தேதி, மாப்பாய் தலைமையிலான இஸ்ரேலிய அரசாங்கம் எகிப்தின்மீது படையெடுத்தது. சோஷலிஸ்டான கீ மொலே பிரதமராயிருந்த பிரான்சும் பிரித்தானியாவும் அதற்குத் துணைநின்றன. ஐரோப்பியரைப் பழித்த அதே நோய் மகாநாட்டின் அங்கத்தவர் ஒருவரிடமே தலைகாட்டியது.

இதனினும் ஆழமான குறையொன்றுண்டு. நிலப் பிரச்சினை மகாநாட்டில் ஆராயப்பட்டது. நிலத்தில் உழுபவனின் அமைப்பு அதற்குப் பின்னால் இருக்கவில்லை. 1955 தேர்தலில் ஷாரிரின் கட்சிக்குக் கிடைத்தவை 257 ஆசனங்களுள் ஐந்தே. அதே ஆண்டில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி பிளந்தது. 1958இல் பர்மாவின் ஆளும் முன்னணி உடைந்தது. 1960இல் சுகர்ணோ ஷாரிரின் கட்சியைத் தடைசெய்தார். 1962 மார்ச்சில் நே வின்னின் இராணுவம் ரங்கூனைக் கைப்பற்றியது.

அடக்குமுறையே அழிவுக்குக் காரணம் என்பார் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் யப்பானைப் பாருங்கள். சோஹியோ தொழிற்சங்கப் பேரவையில் வேரூன்றியிருந்த சோஷலிஸ்டுகள், 1960இல் அமெரிக்க உடன்படிக்கையை எதிர்த்தெழுந்த மக்களியக்கத்தின் முன்னணியில் நின்றனர். உடன்படிக்கையைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் பிரதமர் கிஷி பதவி துறக்க நேர்ந்தது. வேருள்ள மரத்துக்கும் சாடியில் நட்ட செடிக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இன்றும் ஆசியக் கட்சிகளின் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுவோர் உளர். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: தலைவர்கள் மண்டபத்தில் கைகுலுக்குமுன், நமது மலையகத்திலும் அசாமிலும் கொழுந்து பறிக்கும் கைகள் ஒன்றையொன்று அறிந்துவிட்டனவா? ஒரே சந்தைக்குத் தேயிலை அனுப்பும் அவ்விரு தொழிலாளரும் கூலிக்காக ஒன்றுபட்டு நிற்கும் நாளிலேதான் ரங்கூனில் தொடங்கிய பணி நிறைவுறும்.