விறகுக்காரி படம்

சமீபகாலமாக டெக் காலத்துப் படங்களைப் பற்றிய ஏக்கம் ஒன்று சினிமா எழுத்துக்குள் புகுந்திருக்கிறது. வாடகைக்கு டெக் எடுத்து, கேசட் மாற்றி மாற்றிப் பார்த்த மாயாஜாலப் படம், பேய்ப்படம், காட்டுப்படம், அம்மன் படம் எல்லாம் ஒரே கூடையில் விழுகின்றன. ஒட்டுத்தாடி, கயிறு தெரியப் பறக்கும் மந்திரவாதி, கோடு விழுந்து ஓடும் டேப் என்று பட்டியல் நீள்கிறது. 'எவ்வளவு மட்டம், ஆனாலும் எவ்வளவு அருமை' என்கிற குரல்தான் இவற்றுக்குப் பொது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தின் ஓட்டைகளை இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருக்கிறவர்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஜனங்களின் முகம் ஏன் ஞாபகமில்லை? பார்வையாளரைக் கழித்துவிட்ட பிரதியாக, சேகரிப்பாளனின் அலமாரிப் பொருளாக டெக் படம் கட்டமைக்கப்படுகிறது.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது, வி.சி.ஆரும் அந்த வருஷங்களில்தான் பரவியது. 1984இல் வி.சி.ஆர். வழியாகப் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்துவிட்டது. ஜவ்வாது மலைக்கு டெக் பிந்தித்தான் ஏறியது, பிந்தித்தான் இறங்கியது. கீழே 1993இல் சன் டிவி தொடங்கி, ஊர் ஊராகக் கேபிள் இழுத்த பிறகும், மேலே என் சிறுவயதில் டெக்தான். ஜமுனாமரத்தூர் வரை பஸ். அதற்கப்புறம் டிவிப் பெட்டி ஒருத்தர் தலையில், டெக் இன்னொருத்தர் தோளில். கரண்ட் இல்லாத ஊருக்கு ஜெனரேட்டரும் சேர்ந்து வரும். திருவிழா, காரியம், காதுகுத்து என்று ஏதாவது ஒன்று. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். விடிய விடிய மூன்று நான்கு படம்.

இந்த 'விடிய விடிய' முக்கியம். அது கூத்துக்குரிய நேரம். டெக் வந்து உட்கார்ந்தது கூத்தின் இடத்தில்தான், பார்த்ததும் கூத்துக்குப் பழகிய கண்தான். பகலில் ஏர் ஓட்டிய ஆம்பளை ராத்திரி திரௌபதியாக அழும்போது கூடவே அழுத கண்ணுக்கு ஒட்டுத்தாடி ஒரு குறையாகத் தெரியாது. 'மட்டம்' என்கிற தீர்ப்புக்குப் பின்னால் யதார்த்தவாதத்தின் அளவுகோல் ஒன்று ஒளிந்திருக்கிறது. மட்டம்தான் ஆனாலும் பிடிக்கும் என்று சொல்கிறவரும் அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. கொஞ்ச நேரம் விடுப்பு எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

பி. விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்து, தமிழில் டப்பாகி வந்த படங்களையே எடுத்துக்கொள்வோம். 'ஜகன்மோகினி' (1978) போன்றவை மலையில் எத்தனை முறை ஓடின என்று கணக்கில்லை. அவர் படத்துப் பேய், வீட்டுப் பெண்ணாக நுழைந்து சமைக்கும்போது விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்பில் நீட்டி எரிக்கும். ஏக்க எழுத்தில் தவறாமல் வந்துவிடும் தமாஷ் இது. ஆனால் காப்புக்காட்டில் ஒரு சுமை விறகுக்காகக் கார்டிடம் ஏச்சு வாங்கி, அரிவாளைப் பறிகொடுத்து, சிலசமயம் கேசும் வாங்கிவந்த பெண்கள் அந்தக் காட்சிக்குச் சிரித்த சிரிப்பு வேறு. 'இவளுக்கென்னடி, காட்டுக்கும் போவ வேணாம், கார்டுக்கும் பயப்பட வேணாம்' என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். மற்றவர்கள் மேலும் சிரிப்பார்கள். கட்டுரைகளில் நாம் எதிர்-வாசிப்பு என்று எழுதிக்கொண்டிருப்பதை அவர்கள் வெற்றிலை மென்றுகொண்டே செய்துவிட்டார்கள்.

காட்டுப்படம் வேறு கதை. அதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1938இலேயே 'வனராஜா கார்ஸன்' என்று டார்ஜான் வழியில் ஒரு தமிழ்ப்படம் வந்தது. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 'காடு' எடுத்தது. 1985இல் வந்த இந்தி டார்ஜான் கேசட்டாக ஊரூராகச் சுற்றியது. தழைப்பாவாடை, எலும்பு மாலை, அர்த்தமில்லாத கூச்சல், வெள்ளைத்தோல் கதாநாயகியைச் சுற்றி ஈட்டியோடு ஆட்டம்: இந்த வகைப் படத்தின் காட்டுவாசி இப்படித்தான். சேலத்தில் நின்று நிமிர்ந்தால் சேர்வராயன் மலை தெரியும். அங்கே இருப்பவர்களும் எங்களைப்போல மலையாளிகள்தான். வேட்டி சேலை கட்டி, தமிழ் பேசி, சாமை விதைத்து வாழ்பவர்கள். திரையின் காட்டுவாசிக்கு அவர்கள் மாதிரியாகவில்லை. எங்கள் ஊரில் அந்தப் படங்கள் ஓடும்போது கிழவிகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'இவுங்க எந்த நாட்டு ஆளுங்க?'

கிழவிக்கு இருந்த சந்தேகம் அரசாங்கத்துக்கு இல்லை. 1965இல் லோகூர் குழு பழங்குடியை அடையாளம் காண வகுத்த அளவுகோல்கள் இவை: ஆதிக்கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. ஏதோ ஒரு காட்டுப்படத்தின் கதைச்சுருக்கம் மாதிரி இல்லையா? சான்றிதழுக்குப் போன எங்கள் ஊர்ப் பையனிடம் ஓர் அலுவலகத்தில் முதலில் 'மலையாளின்னா கேரளாவா?' என்றார்கள். பிறகு, 'பேண்ட் போட்டிருக்கியே, உங்க ஆட்டத்தை ஆடிக்காட்டு பார்ப்போம்' என்றார்கள். அவன் கல்லூரிச் சேர்க்கை அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டவர் வாழ்க்கையில் பார்த்த ஆதிவாசி, டெக்கில் பார்த்த ஆதிவாசியாகவே இருக்கவேண்டும். தழைப்பாவாடையை 'அந்தக் காலத்து வெகுளித்தனம்' என்று ரசித்து எழுதுகிற நண்பர்கள், அந்தப் பாவாடை இன்னும் அலுவலக மேசையில் வேலைபார்ப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதட்டும்.

தோழர்கள் சிலர் நேர் எதிராகச் சொல்கிறார்கள். எல்லாமே மூடநம்பிக்கைக் குப்பை, நச்சு, இதற்கு என்ன ஆய்வு என்கிறார்கள். இதுவும் ஒரே கூடைதான். இரண்டு தரப்புமே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன, பார்த்தவர்களைக் கேட்கவில்லை. மலை எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கவில்லை. பேயைத் தன்னவளாக எடுத்துக்கொண்டது; தழைப்பாவாடைக்காரனை வேற்றுநாட்டான் என்று ஒதுக்கியது. இந்தத் தரம்பிரித்தல் எப்படி நடந்தது என்பதைப் பற்றி நம்மிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

2016இல் ஜப்பானின் ஃபூனாய் கம்பெனி வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது. கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. பார்த்த பெண்கள் இருக்கிறார்கள். படத்தின் பெயர், நடிகை பெயர் கேட்டால் தெரியாது. 'அந்த விறகுக்காரி படமா?' என்று ஆரம்பித்து முழுக்கதையும் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் கதையில் கடைசியில் ஒரு கார்டு வருவான், பேய் அவனைக் காடு முழுக்கத் துரத்தும். படத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை.