தென்னை நிழலில் எதை வளர்ப்பது?

பட்டுக்கோட்டையிலும் பேராவூரணி, அதிராம்பட்டினம் பக்கத்து ஊர்களிலும் தென்னை இல்லாத மனையைக் காண்பது அரிது. வீட்டைச் சுற்றி நாலைந்து மரமாவது நிற்கும். அவற்றின் கீற்று நிழலும் சுற்றுச்சுவரின் நிழலும் கொல்லையில் நிற்கும் மாமரத்தின் நிழலும் சேர்ந்துவிட்டால், முழு வெயில் மாடியில்தான் கிடைக்கும். அந்த நிழலில் ரோஜா மொட்டு விடுவதில்லை. கத்தரியும் வெண்டையும் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று நீண்டு சாய்கின்றன. ஆகவே பூவையும் காயையும் விட்டுவிட்டு இலைக்காகச் செடி வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அக்லோனிமா, டைஃபன்பேக்கியா, சிங்கோனியம், பீஸ் லில்லி, மணி பிளாண்ட் என்று தொட்டியோடு வாங்கிச் சுவரோரம் அடுக்குகிறார்கள். இதில் நன்மை உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அடிப்படையில் ஒரு பிழையும் இருக்கிறது. செடியை இலையின் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். அது ஆண்டில் எந்த மாதங்களில் வளரும், எந்த மாதங்களில் ஓய்ந்து கிடக்கும் என்று கேட்பதில்லை. காவிரியின் கடைமடைப் பகுதியில் நிழல் தோட்டம் நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் அந்தக் கேள்வியைப் பொறுத்ததுதான் என்பது என் வாதம்.

நன்மையை முதலில் பார்க்கலாம். பூப்பதும் காய்ப்பதும் செடிக்குப் பெரிய செலவு. அதற்கு வேண்டிய சர்க்கரையைத் திரட்ட நல்ல வெயில் வேண்டும். இலையை மட்டும் வைத்துக்கொண்டு வாழும் செடிக்கு அந்தச் செலவு குறைவு. மேலே சொன்னவை எல்லாமே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பமண்டலக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில், இலைகளினூடே சிந்தி விழும் வெளிச்சத்தில் வாழப் பழகியவை. பட்டுக்கோட்டையின் வெப்பமோ, கடற்காற்றின் ஈரமோ அவற்றுக்குப் புதிதல்ல. ஆந்திரத்தின் கடியத்திலும் கேரளத்தின் மண்ணுத்தியிலும் பெரும் அளவில் வளர்க்கப்பட்டு லாரிகளில் வருவதால் சிற்றூர் நர்சரியிலும் இவை கிடைக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர் வீடு மாறும்போது தோட்டத்தையும் கூடவே கொண்டுபோகலாம். குனிந்து மண் கொத்த முடியாத முதியவர் நின்றபடியே தண்ணீர் ஊற்றலாம். வெறுமையாகக் கிடந்த சுவரோரத்தில் பச்சையைக் கொண்டுவந்தது இந்த வழக்கம்தான். நிழலில் எதுவும் வராது என்ற பழைய சலிப்பை உடைத்ததும் அதுவே.

குறை மாசியில் தொடங்குகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. மூடப்படும் நாள் ஜனவரி 28. கல்லணைக் கால்வாயான புதுஆற்றை நம்பி இருக்கும் பட்டுக்கோட்டைப் பகுதிக்கு, அதன்பின் ஏறக்குறைய நாலரை மாதம் ஆற்று நீர் கிடையாது. வடகிழக்குப் பருவமழையும் மார்கழியோடு ஓய்ந்துவிடும். இங்குள்ள மண் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்போல ஈரத்தைப் பிடித்து வைப்பதல்ல. பெரும்பாலும் இளகிய செம்மண்ணும் மணற்பாங்கான மண்ணும்தான். இந்த மாதங்களில்தான் தொட்டிச் செடிக்கு நாள்தோறும் தண்ணீர் தேவை. நர்சரிகளில் நிழல்வலையின் கீழ், எடை குறைந்த தென்னை நார்க்கழிவில் வளர்ந்த செடி பங்குனிக் காற்றில் ஒரே பகலில் வேர்வரை காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் போயிற்று என்று சொல்லலாம். எந்தத் தண்ணீர் என்பது கேள்வி. கடலை நெருங்க நெருங்க ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறுகிறது. தரையில் ஊற்றினால் அந்த உப்பை அடுத்த மழை கழுவி இறக்கும். தொட்டியில் அது மண்ணிலேயே தங்கி, வாரத்துக்கு வாரம் கூடும். சித்திரை வந்ததும் அக்லோனிமாவின் இலைநுனி பழுப்பாகக் கருகுவதற்கு வெயிலைக் குற்றம் சொல்கிறார்கள். நிழலில் இருக்கும் செடிக்கு அப்படிக் கருகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்பைத்தான். ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் செடி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். அந்தப் பசுமைக்கான விலையை, கையில் நல்ல தண்ணீர் இல்லாத மாதங்களில் கட்டுகிறோம்.

இந்த இடத்தில் ஹோஸ்டாவைப் பற்றிப் பேசுவது பொருத்தம். குளிர்நாடுகளில் நிழல் தோட்டம் என்றாலே ஹோஸ்டாதான். ஜப்பான், கொரியா, சீனா ஆகியவை அதன் தாயகம். சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த செடிகள் வழியாக 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்காவில் 1968-இல் அதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. பெயரிடப்பட்ட வகைகள் இன்று பல ஆயிரம். நீலம் பூத்த இலை, பொன்மஞ்சள் இலை, வெள்ளைக் கரையிட்ட இலை என்று அதன் படங்களைப் பார்க்கும் நம் ஊர்த் தோட்டப் பிரியருக்கு ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை நம்பி இணைய அங்காடிகளில் ஹோஸ்டா விதை என்று பொட்டலங்களும் விற்கப்படுகின்றன. வாங்க வேண்டாம். வண்ண வகைகள் விதையிலிருந்து தாயைப்போல் வருவதில்லை. அவற்றைத் தூர் பிரித்தோ, திசு வளர்ப்பு மூலமோதான் பெருக்குகிறார்கள். அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. ஹோஸ்டாவின் குருத்து அடுத்த ஆண்டு நன்றாக எழ, 4, 5 டிகிரிக்குக் கீழான குளிரில் பொதுவாக 600 மணி நேரமாவது அது உறங்கியிருக்க வேண்டும். பட்டுக்கோட்டையில் தை மாத விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உறக்கம் கிடைக்காத செடி ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து அழிந்துபோகும்.

செடி நமக்கு ஆகாது. ஆனால் அதை வளர்ப்பவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஹோஸ்டா ஆண்டில் பாதியளவு காலம் தரைக்கு மேலே தெரியாது. வளர்ப்பவர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை. மண் உறையும் மாதங்களில் உறங்கும் செடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று தெரிந்தே வளர்க்கிறார்கள். அங்கே கொடிய பருவம் பனிக்காலம். இங்கே அது மாசி முதல் வைகாசி வரை. அப்படியானால் நமக்கு வேண்டியது கோடையில் உறங்கும் செடி. அத்தகைய செடிகள் நம்மிடம் எப்போதும் இருந்திருக்கின்றன. அவற்றைத் தோட்டச் செடியாகப் பார்க்கும் பழக்கம்தான் போய்விட்டது. மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், மாங்காய் இஞ்சி, கூவைக்கிழங்கு, கச்சோலம், சேனை, சேம்பு: எல்லாம் முதல் மழையில் முளைத்து, ஆடியிலிருந்து கார்த்திகை வரை இலை விரித்து, தையில் பழுத்துச் சாய்ந்து, கிழங்கை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு கோடையைக் கடப்பவை. மேட்டூர் திறப்பதும் மூடுவதும் இவற்றின் வாழ்வோடு ஏறத்தாழ நாள் தவறாமல் பொருந்துகின்றன. பொங்கல் பானையில் மஞ்சள் கொத்து கட்டுவதும், பொங்கல் கூட்டில் சேனையும் பிடிகருணையும் சேப்பங்கிழங்கும் சேர்வதும் இந்தப் பயிர்க் காலத்தின் விளைவுதான்.

அழகு போதாது என்பது வழக்கமாக வரும் மறுப்பு. சேனையைக் கிழங்காக மட்டுமே பார்த்தவர்கள் அப்படிச் சொல்லக்கூடும். புள்ளியிட்ட ஒற்றைத் தண்டின் உச்சியில் குடைபோல் விரியும் அதன் இலைக்கு இணையான வடிவம் நர்சரியில் எளிதில் கிடைக்காது. கச்சோலத்தின் வட்ட இலைகள் மண்ணோடு படிந்து விரியும். வெள்ளையும் ஊதாவுமான சிறு பூக்கள் நடுவிலிருந்து எழும். கூவையின் இலை நீண்ட ஈட்டி வடிவம். மஞ்சளின் இலை வாழையின் சிறு பதிப்பு. உயரமும் இலையின் அகலமும் வேறுபட, பின்னால் சேனையும் மஞ்சளும், நடுவில் கூவையும் மாங்காய் இஞ்சியும், முன்வரிசையில் கச்சோலமும் என்று நட்டால், ஹோஸ்டா வளர்ப்பவர்கள் இலை வடிவங்களை எதிரெதிரே வைத்துப் பெறும் அதே நிறைவு கிடைக்கும். நிறம் வேண்டும் என்பவருக்குக் கலேடியம் இருக்கிறது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஆனாலும் வறட்சியில் கிழங்காக ஒடுங்கி மழைக்கு முளைக்கும் குணம் உடையது. நாட்டுச் செடியா வெளிநாட்டுச் செடியா என்பது இங்கே பிரச்சினையே இல்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது: கோடையில் தோட்டம் வெறுந்தரையாகக் கிடக்குமே? கிடக்கும், அதை ஒளிக்க வேண்டியதில்லை. விடுமுறைக்குப் பிள்ளைகளும் உறவினரும் வரும் சித்திரையில் கொல்லை காலியாக இருப்பது பலருக்குப் பிடிக்காது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. தென்னை மட்டையையும் சருகையும் மூடாக்காகப் பரப்பினால் மண் வெடிக்காது, கிழங்கும் வெந்துபோகாது. அவற்றுக்கிடையே, தண்ணீரை அதிகம் கேட்காத நிலைத்த பச்சைக்கு மருளும் ஆடாதொடையும் போதும். மருள் இந்தக் கிழக்குக் கடற்கரையின் சொந்தச் செடி. நிழலையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும். தொட்டிச் செடிகளை முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை. கையில் இருக்கும் நல்ல தண்ணீர் எத்தனை தொட்டிக்குப் போதுமோ அத்தனையோடு நிறுத்தி, வாசலிலும் தாழ்வாரத்திலும் வைக்கலாம். கொல்லை முழுவதையும் அவற்றால் நிரப்புவதைத்தான் தவறு என்கிறேன்.

சேம்பும் சேனையும் அரிக்குமே, குழந்தைகள் இருக்கும் வீட்டில் எப்படி என்று கேட்பதும் நியாயம். அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் டைஃபன்பேக்கியாவிலும் அக்லோனிமாவிலும் மணி பிளாண்டிலும் இருக்கின்றன. டைஃபன்பேக்கியாவின் தண்டைக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே தடைபடும். ஆபத்து இரு பக்கமும் உண்டு. ஆனால் சேனையைப் புளி சேர்த்துச் சமைக்க வேண்டும், சேம்பைத் தொட்டால் கை அரிக்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். விற்பனைக்கு வரும் அழகுச் செடியைப் பற்றி அந்த எச்சரிக்கையை யாரும் சொல்வதில்லை. சிறு குழந்தை தவழும் வீட்டில் இரண்டையும் எட்டாத இடத்துக்கு மாற்றி, மஞ்சளும் கூவையும் கச்சோலமும் வைப்பது நல்லது.

நிழல் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் தேர்வில் சேர்க்க வேண்டும். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் செய்த பல அடுக்குப் பயிர் ஆய்வுகள் தென்னையின் வயதுக்கும் தரையில் விழும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவைக் காட்டின. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் முதல் 8 ஆண்டுகள் நல்ல வெளிச்சம். ஏறக்குறைய 8 முதல் 25 ஆண்டு வரை ஓலை அடர்ந்து 20 விழுக்காடு அளவே தரைக்கு வரும். அதன்பின் மரம் உயர உயர வெளிச்சம் மறுபடி கூடி, 40 ஆண்டு மரத்தடியில் பாதியளவை எட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல் இந்தப் பகுதியின் வளர்ந்த தென்னைகளை வேரோடு சாய்த்தது. அடுத்த ஆண்டு நட்ட கன்றுகள் 2027 வாக்கில் அந்த இருண்ட பருவத்துக்குள் நுழையும். 2044 வரை அதிலேயே இருக்கும். நாலைந்து மரம் உள்ள மனையில் ஓரங்களிலிருந்தும் வெளிச்சம் வருமாதலால் தோப்பின் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், போக்கு அதுதான். கன்றுகளுக்கிடையே தளதளவென்று வளரும் மஞ்சள், அந்தப் பருவத்தில் இலையைக் கொடுத்துக் கிழங்கைக் குறைக்கும். அந்த அடர்ந்த நிழலுக்குக் கூவையும் கச்சோலமும் ஏற்றவை. வெள்ளை படர்ந்த இலையுள்ள வகைகள் ஏற்றவை அல்ல. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அந்தச் செடிக்குச் சாதாரணச் செடியைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். இருட்டு மூலைக்கு வெளிர் நிறச் செடி எடுப்பாக இருக்கும் என்று வாங்கி வைப்பது, கண்ணுக்குச் சரி, செடிக்குத் தவறு. நடும் இடத்திலும் கவனம் தேவை. தென்னையின் உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அந்த வட்டத்தை மரத்துக்கே விட்டுவிட வேண்டும்.

தென்னைக்கு அடியில் எதை வைத்தாலும் வரக்கூடிய தொல்லை ஒன்று இப்போது பெரிதாகியிருக்கிறது. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, தமிழ்நாட்டின் தென்னைப் பகுதிகளெங்கும் பரவிவிட்டது. ஓலையின் அடியில் சாறு உறிஞ்சும் அது கசியவிடும் தேன்போன்ற நீர் கீழே உள்ள இலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து, ஏற்கெனவே குறைவான வெளிச்சத்தையும் மறைக்கிறது. பூச்சிமருந்து அடித்தால் அந்த ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி செத்துப்போகும். லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசையைக் கரைத்துத் தெளித்தால் காய்ந்த பசையோடு பூசணம் உரிந்து விழும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆண்டு முழுவதும் நிற்கும் தடித்த இலைகளில் இந்தக் கறுப்பு அடுக்கடுக்காகச் சேரும். கிழங்குச் செடி ஆண்டுதோறும் பழைய இலையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது; மேலிருந்து மட்டை விழுந்து நசுக்கினாலும், கிழங்கில் சேமிப்பு இருப்பதால் மறுபடி துளிர்க்கிறது.

தொடங்க நினைப்பவருக்குப் பெரிய செலவு இல்லை. வரும் பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தில் நன்றாக விளைந்த கிழங்காகப் பார்த்து எடுத்து, காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். சேனையில் ஒரு துண்டும், சந்தையில் கிடைத்தால் கூவையும் அதோடு சேரட்டும். வைகாசிக் கடைசியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே, அவற்றைத் தொட்டியில் வைக்காமல் தரையில் ஊன்றுங்கள்.