புவாரோவின் இறுதி வழக்கு: மன்றம் ஏறாத உண்மை

துப்பறியும் நாவலை இலக்கியத்தின் புறக்கடையில் நிறுத்திவைத்துப் பேசுவது விமர்சகர் பலரின் வழக்கம். ஆயினும், பெருந்தொகையான வாசகர் விரும்பிப் படிக்கும் ஒரு வடிவம் குற்றம், நீதி என்பன பற்றி அவர்களுக்கு எதனைக் கற்பிக்கின்றது எனக் கேளாதிருப்பது சமூகநோக்குடைய விமர்சனத்துக்கு அழகன்று. அகதா கிறிஸ்ரியின் ‘கேர்ட்டன்’ அக்கேள்வியைத் தானே எழுப்பும் நாவலாகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எழுதப்பட்டுப் பல்லாண்டுகள் பூட்டிவைக்கப்பட்டிருந்த இந்நாவல், ஆசிரியை இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், 1975 இல் வெளிவந்தது. 1920 இல் தொடங்கிய ஹேர்க்கியூல் புவாரோவின் வாழ்வு இதனோடு முடிகின்றது. (கற்பனை மனிதர் ஒருவரின் மரணச் செய்தியை ‘நியூயோர்க் ரைம்ஸ்’ முதற்பக்கத்தில் வெளியிட்டமை அவர் பெற்றிருந்த செல்வாக்கைக் காட்டும்.) முதல் வழக்கு நிகழ்ந்த ஸ்ரைல்ஸ் மாளிகையே இறுதி வழக்கின் களமுமாகும். மாளிகை இப்போது கட்டணம் செலுத்துவோர் தங்கும் விடுதியாகிவிட்டது. சிதைந்துவரும் ஒரு வர்க்கத்தின் முகவரி அது.

இங்கு கொலைகாரன் எவரையும் தன் கையாற் கொல்வதில்லை. பறவைகளை அவதானிப்பதிற் பொழுதைப் போக்கும் சாதுவான நோர்ட்டன், பிறர் மனத்தில் உறங்கும் வெறுப்பைத் தட்டியெழுப்பி அவர்களைக் கொண்டே கொலை செய்விக்கின்றான். ‘ஒதெல்லோ’வின் இயாகோவை ஆசிரியை வெளிப்படையாகவே நினைவூட்டுகின்றார். ஒருவனைக் குற்றவாளியெனப் பிரித்தெடுத்து ஏனையோரைத் தூயோராக்கி வீட்டுக்கு அனுப்புவதே இவ்வடிவம் வாசகனுக்கு அளித்துவந்த உறுதிமொழி. அது இங்கு முறிகின்றது.

முறிவின் கூர்மை ஹேஸ்ரிங்ஸின் பாத்திரத்திலே தெரிகின்றது. கதையை நமக்குச் சொல்லும் அந்தக் கள்ளமற்ற மனிதர், தம் மகள் ஜூடித்தை அலர்ட்டன் கெடுத்துவிடுவான் என்றஞ்சி அவனுக்கு நஞ்சூட்ட ஆயத்தஞ் செய்கின்றார். புவாரோ அவரை உறங்கவைத்துத் தடுக்கின்றார். பின்னர், கண்ணீரை மறைக்கச் சுழல்புத்தகத்தட்டைத் திருப்பும்போது, கணவனுக்காக பார்பரா பிராங்கிளின் நஞ்சிட்டு வைத்த கோப்பி அவள் பக்கமே திரும்பிவிடுகின்றது. அதனைக் குடித்து அவள் இறக்கின்றாள். தம் கை செய்ததை ஹேஸ்ரிங்ஸ் அப்போது அறியவில்லை. அவர் கண்வழியே இத்தனை காலம் கதைகளைக் கண்ட வாசகனும் தன்னைப் புறம்பானவனாகக் கருதமுடியாது போகின்றது. கிறிஸ்ரி இதனைவிட நேர்மையாக எழுதியதில்லை என்பது என் கருத்து.

ஆனால், தாம் திறந்த கதவை ஆசிரியை தாமே சாத்திவிடுகின்றார். விடுதி நடத்தும் கேணல் லற்றெல் அந்நியர் முன்னிலையில் மனைவியால் அவமதிக்கப்படுகின்றார்; மாகிறெற் லிச்பீல்ட் தன் தங்கையரின் விடுதலைக்காகக் கொடிய தந்தையைக் கொல்கின்றாள். இவ்வெறுப்புக்கள் நோர்ட்டன் படைத்தவையல்ல. குடும்பம் என்னும் நிறுவனத்தினுள்ளே பணமும் அதிகாரமும் விளைத்தவை அவை. நாவலோ அவ்விளைநிலத்தை ஆராயாது, அனைத்தையும் ஒரு தனிமனிதனின் வக்கிரமாகச் சுருக்கிவிடுகின்றது. அவன் இறந்தால் தீமையும் தீர்ந்ததாம்!

எனவே புவாரோ அவனைச் சுடுகின்றார். இறுதிவரை ஒழுங்கை விரும்பியவராதலின் குண்டு நெற்றியின் நட்டநடுவே பாய்கின்றது. பின், தம் இதயநோய்க்கான மருந்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு மரணத்தை எதிர்கொள்கின்றார். நாவல் எழுதப்பட்டபோது இங்கிலாந்திற் கொலைக்குத் தண்டனை தூக்கு. 1965 இல் அது இடைநிறுத்தப்பட்டு 1969 இல் நிரந்தரமாக நீக்கப்பட்டது. அரசு கைவிட்ட தண்டனையைத் தனிமனிதர் ஒருவர் நிறைவேற்றும் காட்சியையே 1975 இன் வாசகர் படித்தனர். புவாரோ தம்மையும் ஐயுற்றே இறக்கின்றார் என்பது உண்மை. எனினும் கதையின் அனுதாபம் அவர் பக்கமே சாய்கின்றது.

என்னை அதனினும் உறுத்துவது வேறு. எல்லோரையும் ஓரிடத்திற் கூட்டி உண்மையை உரத்துச் சொல்வதே புவாரோவின் தொழில். இங்கு அந்த மன்றம் கூடுவதேயில்லை. பார்பராவின் மரணம் தற்கொலையெனத் தீர்க்கப்படுவதற்கு மரணவிசாரணையிற் புவாரோ சொன்ன பொய்யே காரணம். நோர்ட்டனின் மரணமும் தற்கொலையெனவே பதியப்படுகின்றது. உண்மை, நான்கு மாதங்களின் பின் ஹேஸ்ரிங்ஸுக்குக் கிடைக்கும் ஒரு கடிதத்தில் மட்டும் உள்ளது. மனநோயாளர் காப்பகத்தில் மாண்ட மாகிறெற்றின் தங்கை எலிசபெத்திடம் சென்று, அவள் அக்கா செய்ததைத் தாமும் செய்திருக்கக்கூடும் எனக் கூறுமாறு அக்கடிதம் அவரை வேண்டுகின்றது. அவர் சென்று கூறினாரா என்பதை நாவல் சொல்லவில்லை.