பன்யன் தன்வரலாற்றில் ஐயத்தின் இடப்பெயர்ச்சி

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ வாயிலாக, ஜான் பன்யன் என்னும் ஆங்கில ஆசிரியரைத் தமிழுலகம் அறியும். அக்காப்பியத்திற்கு முதனூலாகிய ‘மோட்சப் பிரயாணம்’ 1678-இல் வெளிவந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னரே, 1666-இல், பெட்போர்டுச் சிறையில் இருந்த காலத்தில், பன்யன் தம் அகவாழ்வைத் தாமே எழுதி வெளியிட்டார். ‘பாவிகளுள் தலையாயவனுக்குப் பெருகிய அருள்’ என அந்நூலின் பெயரைத் தமிழில் கூறலாம். முன்னதன் புகழால் பின்னது நம்மிடையே போதிய ஆராய்ச்சி பெறவில்லை.

இந்நூலை முதன்முறை படிப்பார்க்கு ஒரு குறை தோன்றுதல் இயல்பு. ஆசிரியர் துன்புறுகிறார், தேறுகிறார், மீண்டும் துன்புறுகிறார். நன்னூலார் எண்ணும் பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ இந்நூலின்கண் மலிந்துள்ளது எனக் கடிந்துரைக்கலாம். அக்கடிதல் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயும் நூலும்

விரும்பாத எண்ணம் ஒன்று மனத்துள் மீண்டும் மீண்டும் புகுதலும், அதனால் எழும் அச்சத்தைத் தணித்தற்கு ஒரு செயலையோ சொல்லையோ ஓயாது செய்தலும் ஒரு நோயின் இயல்பாகும். மருத்துவர் இதனை ஓ.சி.டி. என்பர், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என வழங்குவர். செயல் செய்தபின் சிறிது அமைதி தோன்றும், அவ்வமைதியே மறுமுறையும் அதனைச் செய்யத் தூண்டும், சுழற்சி வலுப்பெறும். பன்யன் நூலில் இத்தகைய வலிந்து புகும் எண்ணங்கள் உள்ளமையை உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் தம் 1902-ஆம் ஆண்டு நூலிலேயே சுட்டியுள்ளார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். முந்நூறு ஆண்டுகட்கு முன் மறைந்த ஒருவர்க்கு நாடி பிடித்து நோய்ப்பெயர் சூட்டல் நம் பணியன்று. பன்யன் தம் துன்பத்தைச் சாத்தானின் சோதனை என்றே கொண்டார். அவர் சார்ந்த தூய்மைச் சமயத்தாரிடையே தன்னுள்ளத்தைத் தானே துருவி ஆராய்ந்து எழுதும் வழக்கமும் இருந்தது. நாம் ஆராய்வது மனிதரையன்று, நூலின் அமைப்பையே.

மணிக்கோபுரம்

பன்யன் பெட்போர்டுக்கு அணித்தாகிய எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-இல் பிறந்தவர். கலங்களைப் பழுதுபார்க்கும் தொழிலர். இளமையில் கோயில் மணியடித்தலைப் பெருவிருப்புடன் செய்துவந்தார். பின்னர் அது வீண்செயல் என்னும் எண்ணம் தோன்ற, அடித்தலை விடுத்தார். ஆயினும் பிறர் அடிப்பதைக் காணச் சென்றார். அங்கே ஓர் ஐயம்: மணி அறுந்து தலைமேல் வீழ்ந்தால்? உடனே குறுக்கு விட்டத்தின்கீழ் ஒதுங்கினார். மணி சுவரில் மோதித் தம்மேல் தெறித்தால்? வாயிற்படிக்கு நகர்ந்தார். அங்கு நின்றால் எந்த மணியும் தம்மைத் தீண்டாது எனத் தேறிய அளவிலே, கோபுரமே சரிந்தால் என்னும் எண்ணம் எழுந்தது. அவ்விடத்தை விட்டே ஓடினார்.

இச்சிறு நிகழ்ச்சி நூல் முழுமைக்கும் திறவுகோலாகும். ஒவ்வோர் ஐயத்திற்கும் ஒரு காப்பு உண்டு. ஒவ்வொரு காப்பும் அடுத்த ஐயத்தை ஈன்றுவிடுகிறது. மணி, சுவர், கோபுரம் எனப் பொருள் மாறியது, ‘ஒருகால் நேர்ந்தால்?’ என்னும் வினா மாறவில்லை.

ஐயம் சென்ற வழி

பெட்போர்டில் ஏழைப் பெண்டிர் சிலர் வெயிலில் அமர்ந்து இறையருளைப் பேசக் கேட்ட பின்னர், பன்யனின் நாட்டம் நம்பிக்கையின்பாற் சென்றது. உடனே ஐயமும் அங்கே சென்றது. தமக்கு நம்பிக்கை உண்டா என அறிய, வழியிலிருந்த குளம்படிக் குட்டைகளை வற்றுமாறு கட்டளையிட்டுப் பார்க்கலாம் என எண்ணினார். வற்றாவிடின் தாம் கெட்டார் என்பது உறுதியாகுமே என அஞ்சிச் சோதியாது விடுத்தார்.

அதன்பின் இறைவனைப் பழிக்கும் எண்ணங்கள் வெள்ளமெனப் புகுந்தன. பழிச்சொல் வாயினின்று வந்துவிடுமோ என அஞ்சி, வாய் திறவாதபடி மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டார். கிறிஸ்துவின்மேல் பேரன்பு கொண்டு தேறிய காலத்தே அவரை விற்றுவிடு என்னும் எண்ணம் தொடங்கியது. உண்ணும்போதும், ஊசி எடுக்கக் குனியும்போதும், கட்டை பிளக்கும்போதும் அது விடவில்லை. எத்தனை உலகங்கள் ஈடாகக் கிடைப்பினும் விற்கேன் என்று மறுமொழியை அடுக்கி அடுக்கிச் சொன்னார். கைகளாலும் முழங்கைகளாலும் எதிரியைத் தள்ளுவார்போல் தள்ளினார். ஒருநாட் காலை, சோர்வுற்ற நிலையில், அவர் விரும்பின் போகட்டும் என ஓர் எண்ணம் மனத்துள் ஓடியது. அன்று முதல் ஐயம் மீண்டும் இடம்பெயர்ந்தது: இனி விற்றுவிடுவேனோ என்பது போய், விற்றுவிட்டேனோ என்பதாயிற்று. தலைமகன் உரிமையை விற்ற ஏசாவின் கதை அவரை ஈராண்டுக்கு மேலும் வாட்டியது.

பின்னாளில் திருச்சபையிற் சேர்ந்து திருவிருந்தில் கலந்தபோது, அவ்விருந்தையே பழிக்கவும் உடனுண்பார்க்குத் தீங்கு விழையவும் தூண்டும் எண்ணங்கள் எழுந்தன. சொற்பொழிவாற்றும்போதும் அவையோர்முன் பழிச்சொல் கூறிவிடுமாறு எண்ணம் உந்தியது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஒழுங்கொன்று புலனாகும். மணியை விரும்பியபோது மணியைப் பற்றியும், நம்பிக்கையைத் தேடியபோது அதைப் பற்றியும், கிறிஸ்துவை நேசித்தபோது அவரைப் பற்றியும், சபையைப் பேணியபோது சபையோரைப் பற்றியும் ஐயம் எழுந்தது. அன்பு சென்ற வழியே ஐயமும் சென்றது. எழுவாய்கள் மாறின, பயனிலை ஒன்றே. தமக்குப் பொருட்டல்லாத ஒன்றைப் பற்றிப் பன்யன் யாண்டும் இங்ஙனம் அஞ்சவில்லை. ஆகவே அவ்வெண்ணங்கள் அவர்தம் உள்ளக் கேட்டினைக் காட்டுவன அல்ல. அவர் எதனை உயிரெனப் போற்றினார் என்பதனையே காட்டுவன.

இக்கால ஆராய்ச்சி இதற்கு அரண் செய்கிறது. சுவீடன் நாட்டில் 144 நோயாளரை ஏறத்தாழ 40 ஆண்டுகட்குப் பின்னர் மீண்டும் ஆய்ந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரை, அவருட் பாதிக்கு மேற்பட்டோர்க்கு நோய்க்குறிகள் தன்மை மாறியமையைக் கூறுகிறது. வளர்ந்தோர் 117 பேரை ஈராண்டு தொடர்ந்து ஆய்ந்த 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையோ, மாற்றம் பெரும்பாலும் ஒரே வகைக்குள்ளேயே நிகழ்தலைக் காட்டுகிறது. ஐயம் அறை மாறுகிறது. வீடு மாறுவது அரிது. பன்யனுக்கு அவ்வீடு குற்றவுணர்வு. மணி வீழ்தலையும் அவர் தம் பாவத்திற்குரிய ஒறுப்பாகவே அஞ்சினார் எனக் கருத இடமுண்டு.

ஏணியின் உச்சி

இந்நூலில் தீர்வு யாது? விடை கிடைத்ததனால் பன்யன் அமைதியுற்றார் எனின் பொருந்தாது. திருமொழி ஒன்று தேற்றும். வேறொன்று மறுநாளே கலைக்கும். சிறைப்பட்ட தொடக்கத்தில் தூக்குமரம் தமக்கு நேரலாம் என அஞ்சினார். அதனினும் பெரிய அச்சம், ஏணியேறும்போது தாம் நடுங்கினால் இறைநெறிக்கு இழுக்காகுமே என்பது. இறைவன் அவ்வேளையில் ஆறுதல் தருவாரா என வினவினார், விடையில்லை. முடிவில், ஆறுதல் வரினும் வாராவிடினும், வீடோ நரகோ எது கிட்டினும், கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பார்போல் குதித்துவிடுவதெனத் துணிந்தார். அத்துணிவே நெஞ்சிற்கு உறுதி தந்தது. மணிக்கோபுரத்தில் உறுதி தேடி ஓடியவர், ஏணியில் உறுதியை வேண்டாது நின்றார். இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடைப்பட்ட தொலைவே நூலின் வளர்ச்சி.

1966-இல் விக்டர் மேயர் வெளியிட்ட கட்டுரையை ஒட்டி வளர்ந்த மருத்துவமுறை, அஞ்சுவதனை எதிர்கொண்டு காப்புச் செயலை விடுக்குமாறு நோயாளரைப் பயிற்றுகிறது. ஐயத்தை வெல்லுதலன்று, ஐயத்தோடு வாழ ஒருப்படுதலே அதன் நெறி. பன்யனின் துணிவு சமயத்தின்பாற் பிறந்தது, மருத்துவத்தின்பாற் பிறந்ததன்று. எனினும் இரண்டும் ஒரே திசையை நோக்குகின்றன.

பன்யன் தாம் முற்றும் நலமுற்றதாகக் கூறி நூலை முடிக்கவில்லை. தம் நெஞ்சில் இன்னும் எஞ்சியுள்ள குறைகள் ஏழினை எண்ணிக்காட்டியே முடிக்கிறார். இவ்வாய்மையே நூலின் பெருமை. ஆதலின் ‘கூறியது கூறல்’ என்னும் குற்றம் இந்நூலுக்கு ஏலாது. ஒரே துன்பம் பல பெயர் பூண்டு வருவதை உள்ளவாறு எழுதப் புகுந்தவர்க்கு, திரும்பத் திரும்ப எழுதுதலன்றி வேறு வழியில்லை.

‘மோட்சப் பிரயாண’த்தில் மரண நிழலின் பள்ளத்தாக்கைக் கடக்கும் கிறிஸ்தியான், பின்னிருந்து பேயொன்று முணுமுணுக்கும் பழிமொழிகளைத் தன் நெஞ்சே கூறுவதாக எண்ணி மயங்குகிறான். தன்வரலாற்றைப் படித்தார்க்கு அம்மயக்கம் யாருடையது என்பது விளங்கும். ‘இரட்சணிய யாத்திரிக’த்தைப் பயிலும் மாணவர் இவ்விரு நூல்களையும் உடன்வைத்துக் கற்பாராயின், காப்பியத்தின் அடியில் ஓடும் அகவாழ்வு அவர்க்குப் புலனாகும்.