செங்கல்லுக்குள் ஓர் உலை

அக்கா மகனுக்கு வீடு திண்டுக்கல், ஆபீஸ் பெங்களூர், வேலை மொட்டை மாடி அறையில். சனி, ஞாயிறுகளில் அதே மாடியில் கத்தி செய்கிறான். ‘பையன் கத்தி எடுத்துட்டான்டா’ என்று அக்கா போனில் அழாத குறை. போய்ப் பார்த்தேன். ஒரு பெஞ்ச், ஒரு வைஸ், நாலு அரம், ஒரு டப்பா எண்ணெய், நடுவில் ஓட்டை போட்ட ஒரு செங்கல். வெங்காயம் நறுக்க ஆறு அங்குலத்தில் ஒரு கத்தி உருவாகிக்கொண்டிருந்தது. ஆறு வாரமாக.

‘போலீஸ் பிடிக்காதா?’ என்றாள் அக்கா. ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய கத்திகள்தான். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. அக்கா பாதி சமாதானமானாள்.

மருமகனுக்கு இரண்டு குருமார்கள். ஒன்று டி.வி., இன்னொன்று புத்தகம். இரண்டையும் பார்த்துவிட்டு வந்ததால் இந்த வாரம் விமர்சனம்.

டி.வி. குரு, ‘ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்’. அமெரிக்க ஹிஸ்டரி சேனலில் 2015-ல் ஆரம்பித்தது. நாலு கொல்லர்கள், மூன்று சுற்று, ஓடுகிற கடிகாரம், ஜெயித்தவருக்கு 10,000 டாலர். பழுத்த இரும்பை எண்ணெயில் முக்கும்போது ‘டிங்’ என்று விரிசல் விடும் பாருங்கள், அந்த ஒரு கணத்துக்கு எந்த த்ரில்லரும் கிட்டே நிற்க முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பு செய்தவன் வீட்டுக்குப் போகிறானே தவிர, தப்பு ஏன் வந்தது என்று உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை. கடைசியில் கத்தியைச் செத்த பன்றி மேல் வீசிப் பார்த்து, ‘இது கொல்லும்’ என்று நடுவர் சிரித்தபடி சர்டிபிகேட் தருகிறார். கத்தி என்றால் முதலில் தக்காளி ஞாபகம் வரவேண்டாமா?

புத்தக குரு வேறு ஜாதி. வேய்ன் காடர்ட் என்ற அமெரிக்கக் கொல்லர் 2001-ல் எழுதிய ‘50 டாலர் கத்திப் பட்டறை’. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், காயலான் கடைச் சாமானில் பட்டறை போடலாம் என்கிறார். சூடு தாங்கும் மெதுவான செங்கல் ஒன்றில் குடைந்து, பக்கத்துத் துளை வழியாக கேஸ் டார்ச்சை நீட்டினால் அதுதான் உலை. சோதனைக்குப் பன்றி வேண்டாம், பித்தளைக் கம்பி போதும். கத்தியின் விளிம்பைக் கம்பியில் அழுத்த வேண்டும். லேசாக வளைந்து திரும்பினால் பாஸ். வளைந்தபடியே நின்றால் பதம் குறைவு, பொடிந்தால் கூடுதல். ஒரு தொழிலாளி தன் கைக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இது உதாரணம்.

குறையும் உண்டு. காயலான் கடை இரும்பை நம்புகிற வழியில், கையில் இருப்பது என்ன இரும்பு என்றே தெரியாது. நம் ஊர் அரிவாள்காரர்கள் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தட்டியே ஆள் சொல்லிவிடுவார்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு நாம் அதைச் செய்ய முடியாது.

எனக்கும் ஆசை வந்தது. தேய்ந்த அரம் ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் ஓர் இரவு புதைத்து மெதுவாக்கி, ராவி வடிவம் எடுத்தேன். மறுபடி காய்ச்சினேன். 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டாது. அதற்குக் கொஞ்சம் மேலே போய் எண்ணெயில் முக்க வேண்டும். முக்கினேன். இந்தக் கட்டத்தில் கத்தி கண்ணாடி மாதிரி. 200 டிகிரியில் மணிக்கணக்கில் வாட்டி, வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் அது கத்தி. அக்காவின் கேக் ஓவன் காலியாக இல்லை, எனக்கும் பொறுமை இல்லை. கை தவறித் தரையில் விழுந்தது. இரண்டு துண்டு.

துண்டுகளோடு மருமகன் என்னை நாகல்நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறைக்குக் கூட்டிப்போனான். பெரியவர் உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“மணி மணியா நிக்குது பாருங்க. சூடு கூடிப்போச்சு. அப்புறம் வாட்டவும் இல்ல. சரிதானா?”

ஒரே பார்வையில் இரண்டு தப்பு. “இதையெல்லாம் எங்கண்ணே படிச்சீங்க?” என்றேன்.

“படிக்கிறதா? எங்கப்பா அடிச்ச அடிதான்.”

அவர் மகன் திருப்பூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அதில் தப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை இனி வேறு ஊர்க்காரர்கள் போட்டுக்கொள்ள முடியாது, சந்தோஷம். பெரியவர் கண்ணில் இருக்கும் பாடத்தை எந்தக் குறியீடு காப்பாற்றும்?

உறைக்கு வருவோம். மருமகன் ஆன்லைனில் அமெரிக்கத் தோலுக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தான். “தோல் ஷாப்பு இருக்கிற ஊர்ல தோலுக்கு அமெரிக்கா போறீங்களே தம்பி” என்று பெரியவர் சிரித்தாராம். உறைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோல். நனைத்துக் கத்தி மேல் அழுத்திக் காயவைத்தால் வடிவம் அப்படியே நிற்கும். குரோமில் பதனிட்ட தோல் இதற்கு அவ்வளவாகப் பணியாது. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஆவாரம்பட்டைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல், 2012-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது, திண்டுக்கல் தோல் தொழிலாளிகளைப் பற்றியது. அதைப் படித்தவர்கள் கைத்தொழிலைப் பற்றிக் கவிதை பாட மாட்டார்கள். மாடியில் சனிக்கிழமை சுகமாகத் தைக்கிற தோலுக்குப் பின்னால் எத்தனை பேர் சுண்ணாம்புக் குழியில் நின்றார்கள் என்பது மருமகனுக்கும் தெரிய வேண்டும். வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தோல் தொழிலாளியின் துயரத்துக்குத் தமிழில் நாவல் இருக்கிறது. அவன் கைக்குத் தெரிந்த வித்தைக்கு, காடர்ட் எழுதியது மாதிரி, ஒரு புத்தகம் என் கண்ணில் படவில்லை. பழைய கதைதான். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகை 1820 வாக்கில் லண்டனில் ஆராய்ந்து எழுதியவர் மைக்கேல் ஃபாரடே, கொல்லர் மகன். கூட நின்றவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், கத்தி செய்பவர். நம் பக்கத்தில் உருக்கியவர்கள் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் உலைக்குப் பக்கத்தில் போகவில்லை. இப்போதுதான் முதல்முறையாக, எழுதத் தெரிந்த பையன்கள் சம்பளம் கேட்காமல், ஜாதி கேட்காமல், விளையாட்டாக உலைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனசில்லை.

பெரியவரிடம் கேட்டேன்: “தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிறீங்களே, பரவாயில்லையா?”

“என்கூட வச்சுக்கிட்டு என்ன பண்றது? தம்பி பொழுதுபோக்குக்கு வர்றாரு. எனக்கும் பொழுது போகணும்ல.”

மருமகன் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான். அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே, படத்தோடு எழுதுகிறான். முதல் பக்கத்தில் என் உடைந்த கத்தியின் படம். கீழே, ‘மாமா அவசரப்பட்டது’.

ஏழாவது வாரம் கத்தி முடிந்தது. அக்கா வெங்காயம் நறுக்கிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயத்தால்தான் என்கிறாள்.