உலக நகரும் அயலூர்களும்: இரண்டு ஆய்வுகள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால் சில கிலோமீட்டர் தொலைவில் பொம்மையார்பாளையம் வருகிறது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த கடலோர ஊர் இது. மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் மடம் இங்குதான் உள்ளது. ஊருக்கு மேற்கே செம்மண் மேட்டில் ஆரோவில் நகர் அமைந்திருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைப் பளிங்குத் தாழி ஒன்றில் இட்டு அந்நகரைத் தொடங்கினார்கள். 50,000 பேருக்கெனத் திட்டமிட்ட நகர் அது. அரை நூற்றாண்டு கடந்தும் அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 3,300 பேர்தாம். ஆயினும் அவர்கள் அறுபதை ஒட்டிய எண்ணிக்கையுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். இத்தனை நாட்டவர் ஓரிடத்தில் எப்படிக் கூடி வாழ்கிறார்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராயப் பல்கலைக் கழக மாணவர்கள் இங்கு வந்தவண்ணம் உள்ளனர். அத்தகைய ஆய்வுகளில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஜெசிகா நமக்கல் அமெரிக்காவில் ஆய்வு மாணவியாக இருந்தபோது 2012-இல் வெளியிட்ட கட்டுரை. ‘ஐரோப்பியக் கனவுகள், தமிழ் நிலம்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். காலனி ஆட்சி முடிந்தபின் எழுந்த இந்த இலட்சிய நகர், காலனி மனப்பான்மையை உண்மையில் உதறிவிட்டதா என்பதே அவருடைய கேள்வி. மேட்டில் ஏற்கெனவே ஊர்கள் இருந்தன, உழவர்கள் இருந்தார்கள். அந்த நிலம் யாருடைய கனவுக்காகக் கைமாறியது என்று கேட்கிறார். பிரெஞ்சிந்தியாவைப் பற்றி 2021-இல் அவர் வெளியிட்ட நூலிலும் இந்தக் கேள்வி தொடர்கிறது.

இரண்டாவது, சூர்யமயீ கிளாரன்ஸ்-ஸ்மித் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக் கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வு. 2023-இல் இது நூலாக வெளிவந்தது. ஆசிரியர் ஆரோவில்லிலேயே வளர்ந்தவர். நாளை வரவேண்டிய சமுதாயத்தை இன்றே வாழ்ந்து பார்க்கும் முயற்சியாக அவர் நகரைக் காண்கிறார். பொருளாதாரம், முடிவெடுக்கும் முறை ஆகியவற்றை உள்ளிருந்தே விளக்குகிறார். குறைகளை மூடி மறைக்கவில்லை.

இவ்விரண்டில் எது சரி? இயற்பியல் மாணவர்கள் இக்கேள்வியை வேறு விதமாகக் கேட்கப் பழகியிருப்பார்கள்: கருவியின் சுழிப் பிழை எவ்வளவு? வெர்னியர் அளவியில் சுழிப் பிழை இருந்தால் நூறு முறை அளந்து சராசரி கண்டாலும் விடை திருந்தாது. பிழையின் அளவும் குறியும் தெரிந்தால் ஒரே கழித்தலில் திருந்திவிடும். கிளாரன்ஸ்-ஸ்மித் தாம் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லித் தம் வாழ்க்கையையே சான்றுகளில் ஒன்றாக வைக்கிறார். இது நேர்மையான முறை. வாசகர் உரிய அளவைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளிருந்து பார்ப்பவருக்கு நகரின் கூட்டங்கள் தெரியும் அளவுக்கு அயலூர்த் திண்ணைகள் தெரியா. நமக்கல் அந்தத் திண்ணைப் பக்கம் நம் முகத்தைத் திருப்புகிறார். அதற்காகவே அவர் கட்டுரையை நான் உயர்வாக மதிக்கிறேன். எனினும் வரலாற்றாசிரியருக்கு ஆவணமே ஆதாரம். நிலத்தை விற்றவர்களில் எத்தனை பேர் தம் அனுபவத்தை எழுதி வைத்தார்கள்? எழுதத் தெரிந்தவர்களின் தாள்களைக் கொண்டு எழுதாதவர்களின் மனத்தை அளப்பது கடினமான காரியம்.

இங்கே மொழியும் குறுக்கிடுகிறது. ஆரோவில்லில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, சமஸ்கிருதம் ஆகிய நான்கு மொழிகளுக்குச் சிறப்பிடம் தந்தார்கள். நடைமுறையில் பொதுமொழியாக நின்றது ஆங்கிலம். சில மாதங்களுக்கு வந்து போகும் ஆய்வு மாணவர், ஊர்க்காரரை மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கேட்க முடிகிறது. “எங்க அப்பா காலத்துல எழுதிக் கொடுத்துட்டோம்” என்று ஒரு பெரியவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதி விற்றார்கள் என்பது நமக்கு உடனே புரியும். ‘கொடுத்தோம்’ என்னும் சொல் மட்டும் ஆங்கிலத்துக்குப் போனால் விற்பனை தானமாகிவிடும். ‘ஒத்தாசை’ என்ற சொல்லையும் பாருங்கள். நாற்று நடவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது ஒத்தாசை. அதற்குக் கூலி கிடையாது, திருப்பிச் செய்யும் கடமை உண்டு. ‘சர்வதேச ஒத்துழைப்பு’ என்று வினாத்தாளில் அச்சிட்டுக் கேட்டால், அங்கே வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குபவரும் “ஆமாம், நடக்குது” என்றுதான் சொல்லுவார். எண்ணிக்கை ஏறும், பொருள் ஏறாது.

ஒத்துழைப்பை ஆராய இன்னொரு களம் ஊரின் கிழக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. ஓரிடத்தில் கல்லைக் கொட்டிக் காத்தால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. இப்படி நகர்ந்து நகர்ந்து பொம்மையார்பாளையத்து மீனவர் படகு இழுத்து வைக்கும் மணற்கரையையும் தின்றது. சுவர் எழுந்தது ஓர் ஆட்சிப் பகுதியில், கரை போனது மற்றொன்றில். அறுபது நாட்டவர் உரையாடுவதை ஆராய்வோர், அடுத்தடுத்த இரு அரசுகளும் சில குப்பங்களும் உரையாடுவதை ஏன் ஆராயக் கூடாது? இது அவ்விரு ஆசிரியர்களின் வேலை அன்று என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் யாருடைய வேலை? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. இம்மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. பேருந்துக் கட்டணம் போதும். ஆனால் நம் கல்லூரிகளில் திட்ட அறிக்கை என்றால் சென்ற ஆண்டு அறிக்கையின் அட்டையை மாற்றுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, நானும் அந்த மேசைக்கு இப்பக்கம் உட்கார்ந்திருப்பவன்.

இரண்டு ஆய்வுகளும் ஆங்கிலத்தில் உள்ளவை. அகராதியோடு உட்கார்ந்தால் கல்லூரி மாணவர் படிக்கலாம். முதலில் நமக்கல், பிறகு கிளாரன்ஸ்-ஸ்மித் என்று படிப்பது நல்லது. பின்னவர் கூறும் நகரின் அன்றாடம், முன்னவர் எழுப்பும் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போதுதான் நன்கு விளங்குகிறது.