தெரியாது என்ற பதில்

ஒரு வதந்தி பொய் என்று ருசுவாகிவிட்டால் விஷயம் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். வாரன் ஹார்டிங் விஷயம் அப்படி முடிந்துவிடவில்லை என்பது என் கட்சி.

1920ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஹார்டிங் நின்றபோது, அவருடைய மூதாதையரில் கறுப்பர்கள் உண்டு என்று துண்டுப் பிரசுரங்கள் பரவின. மூலபுருஷர் வில்லியம் சான்ஸலர், ஒஹையோவில் வூஸ்டர் கல்லூரிப் பேராசிரியர். ஹார்டிங் குடும்பத்தை அறிந்த ஊர்க்காரர்களிடம் வாக்குமூலம் வாங்கி அதை வம்ச ஆராய்ச்சி என்றார். கல்லூரி அவரை வெளியேற்றியது. 1922ல் அவர் பெயரில் வந்த புத்தகத்தை அரசாங்க ஆட்கள் தேடிப் பிடித்து அழித்தார்கள். 2015ல் மரபணுச் சோதனை முடிவு வெளியாயிற்று: ஹார்டிங்கின் வாரிசிடம் ஆப்பிரிக்க வம்சத்தின் தடயம் இல்லை, அவருக்கு அண்மைத் தலைமுறைகளில் கறுப்பின மூதாதை இருந்திருக்கச் சாத்தியம் குறைவு.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எதிலிருந்து நிம்மதி? ஒரு கறையிலிருந்து என்றால், அது கறைதான் என்று சான்ஸலரோடு சேர்ந்து நானும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். 1920ல் ஹார்டிங்கின் கட்சியும் இதையே செய்தது. வம்சாவளியை எடுத்து வீசி, நீலக் கண் படைத்த சுத்தமான வெள்ளைக் குடும்பம் என்றது. சான்ஸலருக்கும் கட்சிக்கும் தகவலில்தான் சண்டை. தர்மத்தில் இருவரும் ஒன்று.

1965ல் ஜே. ஏ. ரோஜர்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் ஐந்து நீக்ரோ ஜனாதிபதிகளைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டார். ஹார்டிங்கும் அதில் உண்டு. சான்ஸலர் சேறாகப் பூசியதை ரோஜர்ஸ் சந்தனமாக எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டு ரத்தம் போதும் என்ற உங்கள் விதிப்படியே உங்கள் ஜனாதிபதிகள் தேறமாட்டார்கள் என்ற எகத்தாளம் அதில் இருப்பதாக நான் வாசிக்கிறேன். எகத்தாளம் நியாயமானது. ஆனால் சாட்சியம் அதே செவிவழிச் சாட்சியம்தான்.

இந்த இடத்தில் ஃபாக்னரின் 'லைட் இன் ஆகஸ்ட்' (1932) நாவலைக் கொண்டுவர வேண்டும். அதில் ஜோ கிறிஸ்துமஸ் அநாதை விடுதியில் வளர்ந்தவன். அவன் உடம்பில் கறுப்பு ரத்தம் இருக்கிறதா என்பது அவனுக்கே தெரியாது. விடுதிக்காரி ஒருத்தியின் வசவு, வெறி பிடித்த பாட்டனின் நம்பிக்கை, சர்க்கஸ்காரன் எப்போதோ சொன்ன பேச்சு. நாவல் தரும் சாட்சியம் இவ்வளவே. ஆனால் ஊர் அவனைத் தீர்மானமாகக் கறுப்பன் ஆக்கிக் கொல்கிறது.

பி.ஏ. பரீட்சையில் ஜோ கலப்பினத்தவன் என்று நான் எழுதினேன். நோட்ஸில் அப்படித்தான் இருந்தது. நல்ல மார்க்கும் கிடைத்தது. பல வருஷம் கழித்துத் திரும்பப் படித்தபோதுதான் ஃபாக்னர் அப்படி எங்குமே உறுதி செய்யவில்லை என்று கண்டேன். பாங்கில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். ஆடிட் வருவதற்குள் அதை ஏதாவது ஒரு தலைப்பில் தள்ளிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் பதைப்பு. ஃபாக்னர் தள்ள மறுத்தார். ஊர் தள்ளியது. நானும் தள்ளினேன். ஊர்க்காரர்கள் செய்த காரியத்தையே ஒரு வாசகன் விடைத்தாளில் செய்ய முடியும் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நிருபர் ஒருவர் நேராகக் கேட்டபோது, எனக்கெப்படித் தெரியும், என் முன்னோரில் யாராவது வேலி தாண்டியிருக்கலாம் என்று ஹார்டிங் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அப்படிச் சொல்லியிருந்தால், இந்த விவகாரத்தில் யோக்கியமான பேச்சு அது ஒன்றுதான். கட்சி எடுத்து வீசிய வம்சாவளியை விட அது பெரியது.

1921 அக்டோபரில் அலபாமாவில் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பர்களுக்கு அரசியல் சமத்துவம் வேண்டும் என்று அவர் பேசினார். சமூகத்தில் இரு இனமும் கலப்பது கூடாது என்றும் அதே பேச்சில் சொன்னார். ஹார்டிங்கை அந்தப் பேச்சை வைத்து எடை போடலாம். கொள்ளுப்பாட்டியை வைத்து எடை போட முடியாது. சோதனை முடிவு வேறு மாதிரி வந்திருந்தாலும் முடியாது.

அந்த விடைத்தாள் இப்போது கையில் கிடைத்தால் மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.